டிக்கிக்குள் போன ஸ்வெட்டர்: மலையில் பூட்டிக்கொண்ட காரைத் திறக்க எந்த வழி?

ஊட்டியிலிருந்து மஞ்சூர் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. ஜனவரி மாதம். காலையில் புல்லெல்லாம் உறைபனி, பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று முதுகைச் சுட்டது. ஸ்வெட்டரைக் கழற்றி டிக்கியில் போட்டு மூடிவிட்டு டீ சொன்னேன். கிளாஸ் கைக்கு வருவதற்குள் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கொண்டன. சாவி ஸ்வெட்டர் பாக்கெட்டில்.

கார் பழசு, ரிமோட் லாக் வெளியே வாங்கிப் போட்டது. ரிமோட்டில் திறந்த பிறகு அரை நிமிஷத்துக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால், மறந்துபோய்த் திறந்துவிட்டோம் என்று நினைத்து அதுவே பூட்டிக்கொள்ளும். நான் திறந்தது டிக்கியை மட்டும்தான். அதைக் கதவாக அது கணக்கில் எடுக்கவில்லை. கம்பெனியிலிருந்தே ரிமோட்டோடு வரும் பல கார்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. பட்டன் ஸ்டார்ட் கார்களில் சாவி உள்ளே இருந்தால் வண்டி கத்தும், பூட்ட மறுக்கும். ஆனால் சாவியின் பேட்டரி தீரும் நிலையில் இருந்தால் அதுவும் ஏமாற்றிவிடும்.

அன்று மூன்று வழிகளை ஒரே நேரத்தில் முயன்றேன். மற்ற வழிகளைப் பற்றி அப்புறம் மெக்கானிக்கிடமும் சாவி வெட்டுகிறவரிடமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். கோயம்புத்தூரில் இப்படி மாட்டிக்கொண்டால் எதற்கு எவ்வளவு செலவு என்று பார்த்தால் போதும். மலையில் கேள்வியே வேறு: இருட்டுவதற்குள் எது வந்து சேரும்? ஆறு மணிக்கு மேல் தேயிலைத் தோட்டத்து ரோட்டோரம் காட்டெருமையும் கரடியும் நடமாடும். அங்கே குடும்பத்தோடு நின்றுகொண்டிருக்க முடியாது.

ஸ்கேல் விடுவது

டீக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "ஏனுங்ண்ணா, நம்ம பையன் ஒருத்தன் இருக்கானுங்க, ஸ்கேல் விட்டே தெறந்துருவான்." பையனும் வந்தான். நுனியில் கொக்கிபோல வெட்டிய இரும்பு ஸ்கேல். கண்ணாடிக்கும் வெளிப்பக்க ரப்பர் பீடிங்குக்கும் நடுவே அதை இறக்கி, கதவுக்குள் இருக்கும் லாக் கம்பியைத் தடவிப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். அம்பாசிடரையும் மாருதி 800-ஐயும் ஆம்னியையும் இப்படி ஒரு நிமிஷத்தில் திறந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

இப்போது வரும் பல கார்களில் அந்தக் கம்பி இல்லை, அதற்குப் பதில் உறை போட்ட கேபிள். லாக்கைச் சுற்றித் தகடோ பிளாஸ்டிக்கோ மறைத்திருக்கும். கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டாருக்குப் போகிற ஒயர்களும் அங்கேதான் ஓடும். பையன் இருபது நிமிஷம் துழாவினான். பீடிங் எழும்பியது, கண்ணாடியில் இரண்டு கோடு விழுந்தது, பூட்டு அசையவில்லை. நான்தான் போதும் என்று நிறுத்தினேன். மறுநாள் அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்க மறுத்தது, ஒயர் ஒன்று கழன்றிருந்தது. மாருதி 800 போன்ற பழைய வண்டி என்றால் ஸ்கேலை முயலலாம். பவர் விண்டோ உள்ள வண்டியில் யாரையும் ஸ்கேலோடு பக்கத்தில் விடாதீர்கள்.

காற்றுப்பையும் கம்பியும்

விவரம் தெரிந்தவர் கையில் இது நல்ல முறை. முன்கதவின் மேல் மூலையில் பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி, அந்த இடுக்கில் சின்னக் காற்றுப்பையை வைத்துப் பம்ப் அடிப்பார்கள். விரல் நுழையும் அளவு சந்து விழுந்ததும் நீளக் கம்பியை விட்டு லாக் பட்டனை அமுக்குவார்கள், அல்லது உள்கைப்பிடியை இழுப்பார்கள். பல கார்களில் முன்கதவின் உள்கைப்பிடியை இரண்டு முறை இழுத்தால் போதும், முதல் இழுப்பில் பூட்டு விடும், அடுத்ததில் கதவு திறக்கும். பின்கதவில், குழந்தைகள் உள்ளிருந்து திறக்காமலிருக்க வைக்கும் சைல்டு லாக் போட்டிருந்தால் எத்தனை முறை இழுத்தாலும் பிரயோஜனம் இல்லை. அது தெரியாமல் பின்கதவில் அரை மணி நேரம் மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

பம்பை அதிகமாக அடித்துவிட்டால் கதவுச் சட்டம் ஒரு நூல் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. வேகமாகப் போகும்போது விசில் சத்தமாகத் தெரியும், இல்லாவிட்டால் மழை வந்து சொல்லும். கூடலூர், பந்தலூர் பக்கமென்றால் ஜூன், ஜூலையிலேயே. குன்னூர், கோத்தகிரி பக்கமென்றால் அக்டோபர், நவம்பரில். சீட்டு நனைந்து ஒருமுறை பூஞ்சை பிடித்தால் இந்தக் குளிரில் அந்த வாடை லேசில் போகாது.

இதைவிடச் சுத்தமான வேலை, சாவித் துவாரத்துக்குள் மெல்லிய கருவியை விட்டுப் பல்லைப் பல்லாகத் தடவிப் படித்துத் திறப்பது. வண்டியில் ஒரு கீறல் விழாது. ஆனால் கார் பூட்டுக்கு அந்தக் கை உள்ளவர் மேலே குறைவு. நான் விசாரித்தவரை கீழேயிருந்துதான் வர வேண்டும், வரப்போகச் செலவு நம்முடையது. நல்ல ஆள் என்றால் முதல் கேள்வியே "ஆர்.சி. புக் இருக்குங்களா?" என்பதாக இருக்கும். புக் காருக்குள் இருந்தாலும் போனில் அரசின் எம்பரிவாகன் ஆப்பிலோ டிஜிலாக்கரிலோ காட்டலாம். எதையும் கேட்காமல் திறக்க வருகிற ஆள் நாளைக்கு யார் காரையும் திறப்பார்.

உதவி எண்

இன்சூரன்ஸோடு வாங்கிய சாலை உதவியை நம்பித்தான் முதலில் போன் போட்டேன். எண் எழுதிய அட்டை காருக்குள் டேஷ்போர்டு அறையில் இருந்தது, அது வேறு விஷயம். டீக்கடையில் டவர் கிடையாது, நூறடி தள்ளி ஒரு வளைவில் நின்றால் இரண்டு கோடு வரும். எடுத்தவர் பக்கத்தில் பெரிய மால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சில்வர் ஓக் மரம் இருக்கிறது என்றேன். இரண்டு மணி நேரம் என்றார்கள்.

திட்டமாகப் பார்த்தால் இதில் தப்பு இல்லை. சாவி உள்ளே மாட்டிக்கொண்டதற்கும் இதில் உதவி உண்டு: ஆளை அனுப்பித் திறப்பார்கள், அல்லது வீட்டிலிருக்கும் மாற்றுச் சாவியை எடுத்துவந்து தருவார்கள். ஊட்டி, குன்னூர் டவுனுக்குள் மாட்டினால் கூப்பிடுங்கள். மஞ்சூர், கிண்ணக்கொரை, அவலாஞ்சி பக்கமென்றால் கூப்பிட்டு வைத்துவிட்டு வேறு வழியையும் பாருங்கள்.

பஸ்ஸில் வந்த சாவி

என் மாற்றுச் சாவி குன்னூரில் வீட்டு பீரோவில். மனைவிக்குப் போன் போட்டேன், அவள் தம்பியை எழுப்பினாள். மச்சான் பஸ் பிடித்து, ஊட்டியில் மாறி, இரண்டே முக்காலுக்கு டீக்கடை வாசலில் இறங்கினான். அதோடு இருந்த ரிமோட்டை அமுக்கினான், கதவு திறக்க இரண்டு நொடி. மூன்று மணிக்கு உதவி எண்ணிலிருந்து ஆள் கூப்பிட்டு, மஞ்சூருக்கு எந்த வழியாக வரவேண்டும் என்று கேட்டார்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர் சொச்சம். சொந்தக்காரர் காரில் சாவி கொண்டுவர வேண்டுமென்றால் 2024 மே 7 முதல் அமலுக்கு வந்த இ-பாஸ் எடுக்க வேண்டும், சீசனில் கல்லாறு, பர்லியார் வழியாக வண்டி வரிசையில் ஊர்ந்து வர வேண்டும். பஸ்ஸில் வருகிறவருக்குப் பாஸ் தேவையில்லை. அடிக்கடி லோடு ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கேரட், உருளைக்கிழங்கை மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி ஏறும் லாரிக்காரர்கள். பழக்கமான டிரைவரிடம் கொடுத்துவிட்டால் சாவி பத்திரமாக வந்து சேரும்.

கண்ணாடியை உடைப்பது

குழந்தையோ வயதானவரோ நாயோ உள்ளே மாட்டிக்கொண்டால் மேலே சொன்ன எதையும் யோசிக்கக் கூடாது. ஊட்டிக் குளிர்தானே என்று இருந்துவிட வேண்டாம். வெளியே 22 டிகிரி இருந்தாலும் நல்ல வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டலாம், அந்தச் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். 112-க்கு ஒருவர் பேசட்டும், இன்னொருவர் உடைக்கட்டும். குழந்தைக்குத் தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியை, நடுவில் அடிக்காமல் மூலையில், கையில் துணி சுற்றிக்கொண்டு கூர்மையான கடினமான பொருளால் அடிக்க வேண்டும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டிவிடும். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. சீட்டின் தலையணையைப் பிடுங்கி அதன் கம்பியால் உடை என்று வீடியோவில் சொல்கிறார்கள். அந்தத் தலையணை பூட்டிய காருக்குள் அல்லவா இருக்கிறது!

உள்ளே யாரும் இல்லையென்றால் எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. பின்னால் இருக்கும் முக்கோணக் கண்ணாடி சின்னது, விலையும் குறைவாக இருக்கும் என்று அதை உடைப்பார்கள். பல கார்களில் அது பசை போட்டு ஒட்டியது, கடையில் இருப்பு இருக்காது, வரவழைக்க நாளாகும். இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். கிளெய்ம் எடுத்தால், அதுவரை கிளெய்மே இல்லாமல் சேர்த்துவைத்த 20 முதல் 50 சதவீதத் தள்ளுபடியும் அடுத்த வருஷம் கிடைக்காமல் போகலாம். அதோடு ஓட்டை ஜன்னலோடு சாரல் காற்றில் மலை இறங்க வேண்டும். டீ குடிக்க நிறுத்தினால் பர்லியார் குரங்குகள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டுச் சாவித் துவாரத்தில் அமுக்கும் வித்தையையும் டீக்கடையில் ஒருவர் சொன்னார். அதில் பூட்டு திறக்காது, கேட்டதில் பொழுது போனது.

இப்போது என் ஏற்பாடு வேறு. சிப் இல்லாத வெறும் இரும்புச் சாவி ஒன்றை வெட்டி வாங்கினேன், 250 ரூபாய் ஆனது. அதை வைத்து வண்டி ஸ்டார்ட் ஆகாது, கதவு மட்டும் திறக்கும். நமக்கு வேண்டியது அவ்வளவுதானே, அசல் சாவிதான் உள்ளே கிடக்கிறதே. தொலைந்தாலும் எடுத்தவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. அது பர்ஸில் இருக்கிறது, ஸ்வெட்டரில் இல்லை. ஆனால் வாங்கிய அன்று கதவில் போட்டால் திரும்பவே இல்லை. சாவி வெட்டியவரைத் திட்டிக்கொண்டே போனேன். அவர் துவாரத்தில் ஸ்பிரே அடித்து, அசல் சாவியைப் போட்டுத் திருப்பிக் காட்டினார், அதுவும் திரும்பவில்லை. ரிமோட் போட்ட நாளிலிருந்து எட்டு வருஷமாக அந்தத் துவாரத்தில் யாரும் சாவியே போட்டதில்லை. இரண்டு நாள் ஸ்பிரே அடித்து ஆட்டிய பிறகுதான் இளகியது. மாதம் ஒருமுறை அதைப் போட்டுத் திருப்பிப் பார்க்கிறேன்.