பார்க்கும் நாள் வேறு, வாங்கும் நாள் வேறு: நெல்லையில் ஏழு ஆண்டுகளாகத் தொட்டிக்குக் கடல் மீன் வாங்கிய அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட, சுமார் 250 லிட்டர் பிடிக்கும் கடல்நீர்த் தொட்டி ஒன்று ஏழு ஆண்டுகளாக இருந்து வருகிறது. இதற்குள் மாற்றிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி), விளக்கு, மோட்டார் ஆகியவற்றைப் பற்றி எழுத நிறைய உண்டு. ஆனால் தொட்டிக்கு வந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் கடையில் மீன் வாங்க நின்ற அந்த அரை மணி நேரத்திலேயே முடிவாகியிருக்கின்றன என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் வழக்கமாகப் போகும் கடைகள் மூன்று. இரண்டு நெல்லையிலும் ஒன்று தூத்துக்குடியிலும் உள்ளன. மூன்றுக்குமே கடல் மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் வழியாகத்தான் வருகிறது. இந்தோனேசியாவிலோ பிலிப்பைன்ஸிலோ பிடிபட்ட மீன் பல கைகள் மாறிச் சென்னைக்கு வந்து, மறுபடியும் ஆக்சிஜன் நிரப்பிய கவரில் கட்டப்பட்டு, தெர்மோகோல் பெட்டிக்குள் இரவு முழுவதும் பயணம் செய்து நெல்லையில் இறங்குகிறது. கவர்த் தண்ணீர் கெடாமல் இருக்க அனுப்புவதற்கு முன்பே அதைப் பட்டினி போட்டுவிடுவார்கள். ஆகவே லோடு இறங்கிய அன்று நாம் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது, பல நாள் சரியாகச் சாப்பிடாத, களைத்துப்போன உயிரைத்தான். அதன் நிறம் அன்று பளிச்சென்று இருந்தாலும் அதை நம்பக் கூடாது.

இதை நான் இரண்டாம் ஆண்டில்தான் கற்றுக்கொண்டேன். “காலையிலதான் லோடு இறங்கியிருக்கு, அண்ணாச்சி” என்று ஒரு கடையிலிருந்து அழைப்பு வந்த மாலையே போய், ஒரு நீல டாங்க் மீனும் இரண்டு க்ளவுன் மீன்களும் வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தபோது, டாங்கின் முதுகில் சலித்த மாவைத் தூவியதுபோல் மிக நுண்ணிய மங்கலான தூள் படிந்திருந்தது. அது வெல்வெட் நோய். அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. மீன்கள் மோட்டார் தண்ணீர் தள்ளும் முகத்தில் போய் நின்று மூச்சு வாங்கின. ஏழாம் நாள், பழைய மீன்களையும் சேர்த்து ஒன்பதில் மிஞ்சியது ஒன்றே. தண்ணீர் சேரவில்லை என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் இறந்தவற்றில் ஆறு மீன்கள் ஓராண்டுக்கும் மேலாக அதே தண்ணீரில் நன்றாக வாழ்ந்தவை. ஆராயாமல் கொண்டுவந்து நேரே விட்டதற்கு நானே பொறுப்பு என்றாலும், வந்த அன்றே மீனை விற்கும் வழக்கத்தின் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதற்குப் பிறகு, மீனைப் பார்க்கும் நாளும் வாங்கும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். பிடித்த மீனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பத்து நாள் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, இடையில் இரண்டு முறையாவது போய்ப் பார்க்கிறேன். தொடக்கத்தில் முகம் சுளித்தவர்கள் இப்போது என்னிடம் தாமாகவே, “இன்னும் தீனி எடுக்கல அண்ணாச்சி, அடுத்த வாரம் வாங்க” என்கிறார்கள். கடைத் தண்ணீரில் நோய் சுற்றிக்கொண்டே இருக்கும், முதல் நாளே எடுத்துவந்து வீட்டில் தனியாக வைப்பதுதான் நல்லது என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் இவ்வளவு தூரம் பயணப்பட்ட மீனை மறுநாளே இன்னொரு கவருக்கும் இன்னொரு தண்ணீருக்கும் மாற்றுவதில் எனக்கு ஏற்பட்ட இழப்பு, காத்திருந்ததில் ஏற்பட்டதைவிட அதிகம்.

கடைக்குப் போனதும் மீனின் அழகைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூச்சைப் பார்க்கிறேன். கண்ணாடியை விட்டு இரண்டடி தள்ளி, அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால்தான் மீன் நம்மை மறந்து இயல்பாக இருக்கும். செவுள்மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்பதைக் கைக்கடிகாரத்தை வைத்து அரை நிமிடம் எண்ணி, பல நாளாக அங்கேயே இருக்கும் அதே இன மீனோடு ஒப்பிடுவேன். ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்து, மறுபக்கம் ஒட்டியதுபோல் மூடியே இருந்தால், செவுளில் புழு இருக்கலாம் என்று விலகிவிடுவேன். அடுத்து வயிறும், தலைக்குப் பின்னால் முதுகின் சதையும். வயிறு ஒட்டியது நல்ல தீனியில் தேறிவிடக்கூடும். ஆனால் கண்ணுக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி, எதிரே இருந்து பார்க்கையில் கத்தி விளிம்புபோல் தெரியும் மீன் என்னிடம் ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை.

பிறகு என் கண் முன்னால் தீனி போடச் சொல்வேன். உறைந்த ஆர்ட்டீமியாவை (இறால் போன்ற சிற்றுயிரி) போட்டதும் ஓடிவருவது மட்டும் போதாது. வாயில் வாங்கி உடனே துப்புகிறதா, விழுங்கி அடுத்ததைத் தேடுகிறதா என்று பார்க்க வேண்டும். மயக்குவதற்காகச் சயனைடு தெளித்துப் பிடித்த மீனைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால், பத்து நாள் தொடர்ந்து விழுங்கிச் சாப்பிட்டது என்பதே எனக்குக் கிடைக்கும் பெரிய உறுதி.

இதைவிட முக்கியமாக, நாம் கேட்கும் மீனை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. பல கடைகளில் பத்துப் பதினைந்து தொட்டிகளுக்கும் ஒரே சம்ப் (தண்ணீரை வடிகட்டித் திருப்பி அனுப்பும் அடித்தொட்டி), ஒரே தண்ணீர். மூலைத் தொட்டியில் ஒரு மீனுக்கு உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தால், வரிசை முழுவதற்கும் அந்த நோய் உண்டு என்றே கொள்கிறேன். வெள்ளைப் புள்ளிக்குக் காரணமான கிரிப்டோகாரியான் சில நாள் மீனில் ஒட்டியிருந்து, தானே உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடுகட்டிப் பெருகி, மறுபடியும் மீனைத் தேடி வரும். ஆகவே “புள்ளி போயிட்டு, சரியாயிட்டு” என்று சொல்லும் நாள், அது உதிர்ந்த நாளாகவும் இருக்கலாம். தாமிர மருந்து கலந்த தண்ணீரில் நோய் அடங்கிக் கிடப்பதும் உண்டு. இதை அறிய நான் பார்ப்பது இறால்களையும் நத்தைகளையும். தாமிரத்தை அவை தாங்கா. மீனோடு ஒரே தண்ணீரில் இறாலும் சுறுசுறுப்பாக இருந்து, மீன் உடம்பிலும் புள்ளி இல்லையென்றால், அந்த மீன் மருந்தின் தயவு இல்லாமலேயே நலமாக இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

சில மீன்களை எவ்வளவு நலமாக இருந்தாலும் வாங்குவதில்லை. மாண்டரின் மீன் நுண்ணிய கோபிபாட் உயிரிகளைத்தான் பெரும்பாலும் தின்னும். என் அளவு தொட்டியில் அது மெல்ல மெலிந்து சாவதை ஒருமுறை பார்த்தது போதும். பவளமும் கடற்குதிரையும் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நம் பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி அவற்றின் வீடு இருக்கும்போது, யாரோ உடைத்துக்கொண்டு வந்த துண்டை ரகசியமாக நீட்டினால் வாங்க எனக்கு மனம் வராது. க்ளவுன் மீனில், பண்ணையில் பொரித்து வளர்ந்ததாகக் கேட்டு வாங்குகிறேன். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இதன் குஞ்சு பொரிப்பு நுட்பத்தை உருவாக்கியிருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீன், வீட்டுக்கு வந்த முதல் நாளே உருண்டைத் தீனி தின்கிறது.

வீட்டில் புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்க இரண்டடித் தனிமைத் தொட்டி ஒன்றும், அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் எப்போதும் தயார். கடைகளில் உப்பை மிச்சம் பிடிக்கவும் ஒட்டுண்ணியைக் குறைக்கவும் உப்புநீரின் அடர்த்தியை 1.018, 1.020 என்று தாழ்த்தி வைப்பதுண்டு. என் பெரிய தொட்டி 1.025. எனவே உப்பின் அளவைக் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரைக் கடைக்கே கொண்டுபோய் அளந்து, தனிமைத் தொட்டியை முதலில் அதே அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக ஏற்றுகிறேன். நெடுநேரம் கட்டியிருந்த கவரில் கரியமில வாயு சேர்ந்து காரத்தன்மை (pH) இறங்கியிருக்கும். அதனால் மீன் கழிவில் சேர்ந்த அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் அடங்கியிருக்கும். கவரைத் திறந்து சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால், காரத்தன்மை ஏறி அந்த நஞ்சு விழித்துக்கொள்ளும். அதனால் கவரைத் திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்த பின், திறந்த உடனே மீனை எடுத்துத் தனிமைத் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். முப்பது நாள் அங்கேயே இருக்கும்.

கத்திரி வெயில் காலத்தில் மட்டும் எதையும் வாங்குவதில்லை. பேருந்து நிலையத்தில் பெட்டி இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தாலே கவர்த் தண்ணீர் சூடாகிவிடும். அந்த நாட்களில் வந்த மீன்களைக் கடைக்காரர்களாலேயே காப்பாற்ற முடிவதில்லை.

இதை எழுதும்போது தனிமைத் தொட்டியில் ஒரு ஜோடி பங்காய் கார்டினல் மீன்கள் பத்தொன்பதாம் நாளில் இருக்கின்றன. கடையில் பதினொரு நாள் இருந்தவை. நேற்று மாலையிலிருந்து ஆண் மீன் தீனியைத் தொடாமல் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறது. இந்த இனத்தில் ஆண்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும் என்பதால், தொட்டிக்கு மேல் துணியைப் போட்டு மறைத்துவிட்டுத் தொந்தரவு செய்யாமல் விட்டிருக்கிறேன்.