டிஏஆர் விண்ணப்பம்: பணம் கட்டி வாங்கிய வம்சாவளிக் கோப்பு ஏன் திரும்பி வந்தது?

அமெரிக்கரை மணந்த நம்மவர் வீடுகளில், 18 வயதான மகளை ‘டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்’, அதாவது டிஏஆரில் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியவர்களின் நேர் வழியில் வந்த பெண்களுக்கான சங்கம் அது; அந்த வழியை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும். அப்படி ஒரு வீட்டார் 1,800 டாலர் கொடுத்து ஒரு வம்சாவளி ஆய்வாளரிடம் வாங்கி, டிஏஆரிலிருந்து திரும்பி வந்த கோப்பு எங்களிடம் வந்தது. ‘உறுப்பினர் ஆவது உறுதி’ என்று சொல்லித்தான் அந்த ஆய்வாளர் பணம் வாங்கியிருக்கிறார். அந்த உறுதியை எந்த ஆய்வாளராலும் தர முடியாது.

கெட்டி அட்டை, அதில் தங்க நிறத்தில் குலச்சின்னம். டிஏஆர் அதைக் கேட்பதே இல்லை. ஆங்கிலேய மரபில் சின்னம் ஒரு ஆளுக்குத் தரப்படுவது, குடும்பப் பெயருக்கு அல்ல.

உள்ளே ஐந்தாம் தலைமுறைக்குச் சான்றாக 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு பக்கம். ஜான் என்பவர் வீட்டில் சாமுவேல், வயது 9. பக்கத்தில் சிவப்பு மையில் ‘மகன்’ என்று ஆய்வாளரே எழுதியிருக்கிறார். 1850 படிவத்தில் உறவுமுறைக்குக் கட்டமே கிடையாது; அது வந்தது 1880-ல்தான். சாமுவேல் அண்ணன் மகனாகவோ வேலைக்கார பையனாகவோ இருந்திருக்கலாம். அங்கேதான் சங்கிலி அறுந்தது. கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தில் ஜானின் உயிலைத் தேடி, ‘என் மகன் சாமுவேல்’ என்ற வரியை எடுத்திருக்க வேண்டும். உயில் இல்லையென்றால் நிலப்பத்திரம், அல்லது குடும்ப பைபிளில் எழுதிவைத்த பிறப்புக் குறிப்பு. பைபிள் என்றால் அச்சான ஆண்டு தெரியும் முகப்புப் பக்கத்தையும் நகலெடுங்கள். குறிப்பு பின்னாளில் எழுதியதா என்பது அதில் தெரிந்துவிடும். மற்ற தலைமுறைகளுக்கு இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரங்களின் அச்சுப்படிகள்தான். அவை சான்று ஆகாது.

போர்ச்சேவையிலும் இதே கோளாறு. விடுதலைப் போர்ப் படைப் பட்டியலில் முன்னோரின் அதே பெயர் இருந்தது, ஆனால் அது பக்கத்துக் கவுன்டிக்காரர். பெயரோடு ஊரும் பொருந்த வேண்டும். சேவை 1775 ஏப்ரல் 19-க்கும் 1783 நவம்பர் 26-க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். துப்பாக்கி தூக்கியவர்தான் என்றில்லை, படைக்குத் தானியம் கொடுத்ததும், விடுதலைத் தரப்புக்கு விசுவாச உறுதிமொழி எடுத்ததும் சேவையாகச் செல்லும்.

பணம் கட்டும் முன் டிஏஆர் தளத்தில் முன்னோர் பெயரை இலவசமாகத் தேடுங்கள். அவர் வழியில் ஏற்கெனவே யாராவது சேர்ந்திருந்தால், அந்த விண்ணப்ப நகலைச் சிறு கட்டணத்தில் வாங்கலாம். பழைய விண்ணப்பங்களில் சான்று மெலிவாக இருக்கும், அப்படியே நம்பிவிடாதீர்கள். உள்ளூர்க் கிளையின் பதிவாளர் கூலி வாங்காமலே வழிகாட்டுவார். மகளிலிருந்து மேலே மூன்று தலைமுறைக்குப் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். பிறப்புச் சான்று பெற்றோர் பெயர் உள்ள முழுப் படிவமாக இருக்கட்டும். அப்பாவின் இனிஷியல் ஒன்றில் சுருங்கியும் இன்னொன்றில் விரிந்தும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று காட்டும் ஆவணத்தையும் சேருங்கள்.

தத்தெடுத்த மகளுக்கு வளர்த்தவர்கள் வழி செல்லாது, பெற்றவர்கள் வழி மட்டுமே. இதைச் சொல்லாமல் முன்பணம் வாங்குகிறவர்களும் உண்டு.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ஒவ்வொரு ஆவணமும் எந்தக் கவுன்டி, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை மீதித் தவணையைக் கொடுக்காதீர்கள்.