கம்ப்ரஷன் வீடியோவை நம்பி என்ஜின் வாங்காதீர்கள்

பழைய மாருதி எஸ்டீமையோ ஜென்னையோ வாங்கி, பெரிய என்ஜின் ஏற்றி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஆசையை வைத்தே காசு பார்க்கும் ஷெட்டுகளும் இருக்கின்றன. சென்னைப் புறநகரில் அப்படி ஒரு இடத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயர் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தாலே போதும், வேறு எந்த ஷெட்டிலும் நீங்கள் உஷாராக இருக்கலாம்.

என்னுடையது எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாத) எஸ்டீம். அதிலிருந்த 1298 சி.சி. என்ஜின் குறை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட்டு, பழைய பலேனோ செடானின் 1590 சி.சி. ஜி16பி என்ஜினை ஏற்றுவது திட்டம். இரண்டும் சுசுகியின் ஜி வரிசைதான். போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ.யிலிருந்து 75 ஆவது பெரிய விஷயமில்லை, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5-லிருந்து 90 ஆகிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை கிடைப்பது அதனால்தான். ஆனால் அந்த பலேனோவின் உற்பத்தி நின்று பல வருடமாகிவிட்டது. ஒழுங்கான என்ஜின் கிடைப்பது கஷ்டம். இந்தக் கஷ்டம்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு மூலதனம்.

"சார், அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. இன்னும் பிரிக்காத என்ஜின். நம்மகிட்ட விட்டுட்டீங்கல்ல, கவலையை விடுங்க" என்றார் ஷெட்காரர். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்த வீடியோ ஒன்றும் அனுப்பினார். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. என்ஜின், ஏற்றும் கூலி, வயரிங், லேத்தில் கடைந்து எடை குறைத்த பிளைவீல், புது டைமிங் பெல்ட் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் என்று பேச்சு. பணம் முழுக்க ஜிபேயில் போனது. பில் கேட்டபோது லெட்டர்பேடில் கையால் எழுதிக் கொடுத்தார்.

வண்டி கைக்கு வந்ததும் ரோட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. சத்தமில்லை, புகையில்லை. ட்ராக்கில்தான் சாயம் வெளுத்தது. இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக் 3.717 கிலோமீட்டர். நேர்பாதை முடிந்ததும் வரும் முதல் வளைவை நல்ல வேகத்தில் எடுக்கலாம். அங்கே சம்ப்பில் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். சில சுற்றுகளுக்குள் அதே இடத்தில் ஆயில் விளக்கு மினுக்கியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரங்கட்டுவதற்குள் அடியிலிருந்து டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்துவிட்டது. வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன்.

ஷெட்டுக்குப் போன் செய்தால், "ட்ராக்ல போட்டு அடிச்சா அப்படித்தான் சார் ஆகும், அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்கிறார். ட்ராக்குக்கென்றே கட்டிக்கொடுத்த வண்டிக்கு இந்தப் பதில்.

வேறொரு பெரியவர் ஷெட்டில் கொடுத்து, முதல் போல்ட்டிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தோம். சம்ப்பைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. சிலிகான் பேஸ்ட்டை அளவில்லாமல் அள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதியை அடைத்திருந்தது. பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்குகளில் இரண்டு, செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. அவற்றின் முதுகில் 0.25 என்று இருந்தது; தேய்த்துச் சிறிதாக்கிய கிராங்குக்குப் போடும் அளவு அது. அதாவது கிராங்கை ஏற்கெனவே ஒருமுறை கிரைண்ட் செய்திருக்கிறார்கள். ஹெட்டைத் தூக்கினால் பிஸ்டன் தலையில் 50 என்று குத்தியிருக்கிறது: அரை மில்லிமீட்டர் போர் அடித்த (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய) பிளாக். பிரிக்காத என்ஜின் என்று சொன்னது இதைத்தான். பிளைவீலில் லேத் பட்ட தடமே இல்லை, பழைய துருவோடு அப்படியே இருந்தது. டைமிங் பெல்ட் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது.

அப்படியானால் அந்தக் கம்ப்ரஷன் வீடியோ பொய்யா? இல்லை, உண்மைதான். புதிதாகப் போர் அடித்து ரிங் போட்ட என்ஜின் கம்ப்ரஷன் பிரமாதமாகக் காட்டும். ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் இவற்றின் நிலைமையைத்தான் அந்த மீட்டர் சொல்லும். கீழே இருக்கும் கிராங்க், பேரிங், ஆயில் பம்ப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ட்ராக்கில் முதலில் போவதோ கீழ்ப் பகுதி. அதனால் பழைய என்ஜின் வாங்கும்போது, அது வெளியே ஸ்டாண்டில் இருக்கையிலேயே சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பிக் எண்ட் கேப்பையாவது திறந்து பேரிங்கைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் போனில் மாட்டும் சின்ன கேமராவை விட்டு பிஸ்டன் தலையையும் பார்க்கலாம். அறுபதாயிரம் ஓடிய என்ஜினில் கரி இல்லாமல் பளபளவென்று இருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். திறக்க மாட்டேன் என்று சொல்லும் ஷெட்டில் வாங்கவே வேண்டாம். ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றும் கட்டாயம் மாட்டுங்கள். கம்பெனி கொடுத்த சிவப்பு விளக்கு பிரஷர் அநேகமாக அற்றுப்போன பிறகுதான் எரியும். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு, மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பணம் போனதைவிட எனக்கு அதிகம் வலிப்பது வேறு. காரிலிருந்து இறக்கிய என் சொந்த என்ஜினைக் கேட்டபோது, "அதை எடைக்குப் போட்டாச்சு சார்" என்றார்கள். ஓடுகிற என்ஜினை யாரும் எடைக்குப் போட மாட்டார்கள். விற்றிருக்கிறார்கள். என் ஆர்.சி.யில் இருப்பது அந்த என்ஜினின் எண். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி.க்கு மாறாக வண்டியை மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்ட முடியாது. பழைய என்ஜின் கையில் இருந்தால் என்றாவது திரும்ப ஏற்றி வண்டியை நேராக்கிக்கொள்ளலாம். அந்த வழியும் அடைபட்டது. அது இப்போது யாருடைய வண்டியில் ஓடுகிறதோ, அந்த வண்டி ஏதாவது வழக்கில் சிக்கினால் எண்ணை வைத்துக்கொண்டு போலீஸ் வருவது என் வீட்டுக்கு. அதனால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் என்ஜின் மாற்றுவதாக இருந்தால், இறக்குகிற அன்றே அங்கே நின்று பழையதை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வாங்கும் என்ஜினின் எண் தேய்க்கப்படாமல் இருக்கிறதா, அது எந்த வண்டியுடையது என்பதற்கு ஆர்.சி. நகல் தருவார்களா என்றும் கேளுங்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா விட்டுவிடாதீர்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆன்லைனிலேயே போடலாம். என் மனுவோடு ஜிபே விவரம், லெட்டர்பேட் தாள், வாட்ஸ்அப் பேச்சு, பிரித்தபோது எடுத்த வீடியோ நான்கையும் சேர்த்திருக்கிறேன். மனு போன பிறகு, பாதிப் பணம் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். ஒப்புக்கொள்ளவில்லை.

சென்னைப் பக்கம் சமீபத்தில் எஸ்டீம் எம்.பி.எஃப்.ஐ. என்ஜின் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் என்ஜின் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். என் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.