குதிரைச் சந்தையில் சுழி பார்த்து வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஆடி மாதம் நெருங்கிவிட்டால் கொங்குப் பகுதியில் குதிரை வாங்க நினைப்பவர்களின் பேச்சு முழுவதும் சந்தையைப் பற்றியே இருக்கும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நுக்ரா ஆகிய வடநாட்டுக் குதிரைகளும் நாட்டு மட்டக்குதிரைகளும் வருவது ஊரறிந்த செய்தி. நான் எழுதப்போவது அந்தச் சந்தையைப் பற்றி அல்ல. வேறொரு ஊரில், கோயில் திருவிழாவின்போது கூடிய சிறிய சந்தை ஒன்றில், ஒரு தரகரின் மூலம் எங்கள் குடும்பம் ஏமாற்றப்பட்ட விதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

மகளுக்குச் சவாரி பழக்குவதற்காக, அடக்கமான ஒரு பெண் குதிரை தேவைப்பட்டது. தரகர் காட்டிய குதிரை செம்பழுப்பு நிறம். காதுகளின் நுனி உள்வளைந்து ஒன்றையொன்று தொடுவதுபோல் இருந்தது. கத்தியவாரி என்றும், வயது ஆறு என்றும், குழந்தை ஏறினாலும் அசையாது என்றும் அவர் சொன்னார். பிறகு பேச்சு முழுவதும் சுழியை, அதாவது நல்லது கெட்டது சொல்லும் மயிர்ச்சுழலைப் பற்றியே நடந்தது. கழுத்தின் அடியில் தேவமணிச் சுழி இருக்கிறது, நெற்றியில் குறையில்லை, குடும்பத்துக்கு ஆகாத சுழி எதுவும் உடம்பில் இல்லை என்று ஒவ்வொன்றாக மயிரை விலக்கிக் காட்டினார். சுழியில் நம்பிக்கை வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் வாங்க வந்தவரின் கண் காலுக்கும் வாய்க்கும் போகாமல் தடுக்க, சுழியைவிடச் சிறந்த கருவி சந்தையில் கிடையாது என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன். வயதைப் பற்றிக் கேட்டபோது, “ஆறு வயசுங்க தம்பி, நீங்களே பாத்துக்குங்க” என்று உதட்டை ஒரு நொடி தூக்கிக் கீழ்ப்பற்களை மட்டும் காட்டினார். பற்களின் மேற்பரப்பில் கரிய குழிகள் தெரிந்தன. உழுது ஆறிய வயலின் மெத்தென்ற மண்ணில் குதிரையை நடத்திக் காட்டினார்கள். நடையில் குறை தெரியவில்லை. ஈ மொய்த்தாலும் வாலை வீசாமல், கீழுதடு தொங்க, தலையைத் தாழ்த்தி நின்றது. அதைத்தான் அடக்கம் என்று எங்களிடம் விற்றார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு, தரகரும் விற்பவரும் விரல் பிடித்து விலை பேசினார்கள். எங்களிடம் வாங்கியது ரூ.1,35,000, துண்டுக்கு அடியில் முடிந்த விலை அதைவிடக் கணிசமாகக் குறைவு என்பது பின்னர் வேறொரு வியாபாரி வழியாகத் தெரிய வந்தது.

வீட்டுக்கு வந்த ஓரிரு நாளில் குதிரையின் குணமும் மாறியது, நடையும் மாறியது. சேணத்தைக் கண்டால் காதைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்க வந்தது. சிமெண்ட் தளத்தில் நடத்தும்போது வலது முன்னங்கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தலையை மேலே தூக்கியது. முன்னங்காலில் வலி உள்ள குதிரை, வலிக்கும் கால் ஊன்றும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். அந்தக் காலின் லாடத்தைக் கழற்றிப் பார்த்தபோது, குளம்பின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்பில் மெழுகை அடைத்து, கறுப்புச் சாயம் பூசி மறைத்திருந்தது தெரிந்தது. விரல் நகத்தால் கீறியதும் மெழுகு சுருளாக உரிந்து வந்தது. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில், குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. அது சில வாரங்களில் உண்டாகும் கோளாறு அல்ல. சந்தையன்று அது நொண்டாமல் நடந்ததற்கு, ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி நிவாரணி கொடுத்திருக்க வேண்டும் என்றும், அசையாமல் நின்றதற்கு மயக்க மருந்து காரணமாக இருக்கலாம் என்றும் கால்நடை மருத்துவர் கூறினார். உடனே இரத்தம் எடுத்திருந்தால் ஆய்வகத்தில் கண்டுபிடித்திருக்கலாம். நாங்கள் அவரிடம் போனபோது மருந்து உடம்பை விட்டு நீங்கியிருந்தது.

பல்லைப் பற்றி அவர் விளக்கியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் குதிரை வாங்கும் எவருக்கும் இது பயன்படும். குதிரைக்குப் பால் பல் விழுந்து, முன்வரிசையின் நடுப்பற்கள் ஏறத்தாழ இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் முளைக்கின்றன. ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். கீழ்ப்பற்களின் மேற்பரப்பில் உள்ள குழிகள், மென்று தேயத் தேய, நடுப்பல்லில் ஆறு வயதளவிலும், அடுத்ததில் ஏழிலும், ஓரத்தில் எட்டிலும் மறைகின்றன. ஆகவே குழி இருந்தால் இளமை என்பது சந்தைக் கணக்கு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான், கிழட்டுக் குதிரையின் பல்லில் துளையிட்டு, சூட்டுக்கோலாலோ இரசாயனத்தாலோ கறுக்க வைத்துப் பொய்க்குழி உண்டாக்கும் பழைய தந்திரம் பல நாடுகளில் நடந்து வந்திருக்கிறது. உண்மையான குழியைச் சுற்றி வெண்மையான எனாமல் வளையம் சற்று மேடாக இருக்கும். பொய்க்குழியைச் சுற்றி அது இராது. எங்கள் குதிரையின் கறுத்த குழிகளைச் சுற்றி அந்த வளையம் எதுவும் இல்லை. மேல்தாடையின் ஓரப்பல்லையும் மருத்துவர் காட்டினார். அதில் ஈறுக்கு அருகே ஒரு பழுப்புக் கோடு பத்து வயதளவில் தோன்றி, பதினைந்தில் பல்லின் பாதிவரையும் இருபதில் அடிவரையும் இறங்கும். எங்கள் குதிரைக்குக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. தரகர் மேலுதட்டைத் தூக்காததன் காரணம் அதுதான். இந்தக் கணக்குகள் எல்லாம் தோராயமானவை. தீவனத்தைப் பொறுத்து ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம். ஆனால் ஆறுக்கும் பதினைந்துக்கும் இடையே தடுமாற்றம் வராது.

தரகரைத் தொலைபேசியில் அழைத்தபோது, “சந்தையில கைமாறுன உருப்படிக்கு மறுபேச்சு ஏதுங்க?” என்று கேட்டுவிட்டு, அதன்பின் அழைப்பையே எடுக்கவில்லை. விற்பவரின் பெயரோ ஊரோ எங்களிடம் எழுத்தில் இல்லை. கையில் இருந்த சுங்கச் சீட்டில் குதிரை ஒன்று என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வழக்கறிஞர் சொன்னது இது: 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, பொருளின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பில்லை என்றே தொடங்குகிறது, எனினும் குறையைத் திட்டமிட்டு மறைப்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி மோசடி, வயதையும் இனத்தையும் எழுதிக் கையொப்பமிட்ட ரசீது இருந்தால், சொன்னபடி பொருள் இல்லை என்று வாதிட முடியும். அப்படி ஒரு தாளைத் தயங்காமல் எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

நடையைச் சோதிக்கும்போது மெத்தென்ற மண்ணை ஏற்காதீர்கள். தார்ச்சாலை போன்ற கெட்டித் தரையில், கடிவாளத்தைத் தளர்வாகப் பிடித்து, மெதுவோட்டமாக ஓடச் சொல்லுங்கள். இரு பக்கமும் சிறு வட்டமாகத் திருப்பச் சொல்லுங்கள். நான்கு குளம்புகளையும் தூக்கிப் பாருங்கள்; சாயம் பூசியிருந்தால் தண்ணீரும் துணியும் கேளுங்கள். காலையில் பார்த்ததை, சொல்லாமல் கொள்ளாமல் மாலையிலும் மறுநாளும் போய்ப் பாருங்கள். வாங்கும் முன் இரத்த மாதிரி எடுக்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்பதே ஒரு சோதனை.

இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வதற்கு நோயும் ஒரு காரணம். மூக்கில் சீழ், தோலில் கட்டிகள் என்று வெளிப்படும் கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றக்கூடியது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் அது இருக்கிறது. உறுதிசெய்யப்பட்ட குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேரும். இதற்கான ஆய்வு ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது. உள்ளூர்க் கால்நடை மருத்துவரைக் கேட்டால் வழி சொல்வார். ஈக்கள் பரப்பும் சர்ரா நோயில் காய்ச்சல் விட்டு விட்டு வரும், உடல் மெலியும், வயிற்றடியும் கால்களும் வீங்கும். அந்த வீக்கத்தைப் பயணக் களைப்பு என்று விளக்கினால் நம்ப வேண்டாம். புதிதாக வாங்கியதை மற்றக் குதிரைகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்க விடாமல் சில வாரம் தனி லாயத்தில் வைப்பது நல்லது.

எங்கள் குதிரையின் பற்களில் இருந்த பொய்க்குழிகளின் விளிம்புகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன. அந்த வேலை எங்களுக்காகப் புதிதாகச் செய்யப்பட்டதல்ல, அதற்கு முன்பும் அதே வாயைக் காட்டி அதை விற்றிருக்கிறார்கள் என்பதே மருத்துவரின் கருத்து. சில வாரங்கள் கழித்து, அறிமுகமில்லாத ஒருவர் ரூ.40,000 தருவதாகக் கேட்டு வந்தார். அவர் வாயைத் திறந்து பார்க்கவில்லை, நடத்திக் காட்டச் சொல்லவில்லை, வயதும் கேட்கவில்லை. அடுத்த சந்தை எப்போது என்று மட்டும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். நாங்கள் கொடுக்கவில்லை. நெற்றியில் நட்சத்திரம், பின்வலது காலில் வெள்ளைக் குளம்பு, செம்பழுப்பு நிறம் கொண்ட இப்படி ஒரு குதிரையைக் கடந்த ஆண்டுகளில் வாங்கியவர்களோ விற்றவர்களோ இருந்தால் எழுதுங்கள். பற்களின் படங்களும் எக்ஸ்ரேயும் என்னிடம் இருக்கின்றன.