சான் ஜிமிஞானோவுக்கு வாடகைக் காரில் செல்வோர் கவனத்திற்கு

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கார் வாடகைக்கு எடுத்து, குன்றின் மேலுள்ள சான் ஜிமிஞானோ என்ற ஊருக்குக் காலையில் சென்று மாலையில் திரும்ப எண்ணுவோர், சாவியை வாங்கும் முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் முன்பதிவு செய்த கட்டணத்தில் காப்பீடும் அடங்கியிருந்தது. ஆயினும் கவுன்டரில் இருந்த ஊழியர், அதில் சக்கரங்களும் கண்ணாடிகளும் சேராது, சேதம் ஏற்பட்டால் ஒரு வரம்பு வரையான செலவு எங்களுடையதே என்று கூறி, அன்றைய வாடகையைவிடக் கூடுதலான தொகைக்கு இன்னொரு காப்பீட்டை வாங்கும்படி நெடுநேரம் வற்புறுத்தினார். அவர் சொன்ன விதிகள் பொய்யல்ல. அடிப்படைக் காப்பீடு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. நாங்கள் மறுத்த பின் நடந்ததுதான் அநியாயம். முன் சக்கர விளிம்பில் ஏற்கெனவே கீறல் இருப்பதைக் காட்டி, ஒப்படைப்புப் படிவத்தில் குறிக்கச் சொன்னார் என் கணவர். இவ்வளவு சிறியதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, ஊழியர் அடுத்த வாடிக்கையாளரை அழைத்தார். அங்கேயே நின்று, நான்கு சக்கரங்களையும் வண்டி எண்ணோடு சேர்த்துக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டோம்.

சியெனா செல்லும் விரைவுச் சாலையில் போய்ப் போஜ்ஜிபோன்சியில் பிரிந்து மேலேறினோம். ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்லப்படும் அவ்வூரில் இன்று 14 மட்டுமே நிற்கின்றன. 1990-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அதன் மதிலுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டக் கூடாது. இத்தாலிய ஊர்களில் இத்தகைய தடைப்பகுதியின் வாயிலில் சிவப்பு விளிம்புள்ள வட்டமான வெண்பலகை இருக்கும். பல இடங்களில் கேமராவும் வண்டி எண்ணைப் பதியும். எனவே சான் ஜொவான்னி வாயிலுக்கு வெளியே, மொன்தெமாஜ்ஜோ நிறுத்துமிடத்தில் காரை விட்டு நடந்தே சென்றோம். கட்டணச் சீட்டையும் பத்திரப்படுத்தினோம்.

மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, சுற்றிப் பார்த்த ஊழியர் எல்லாம் சரி என்றார். எழுத்தில் கேட்டதற்கு, மின்னஞ்சலில் வரும் என்றார். வந்ததோ, சில வாரங்கள் கழித்து, கடன் அட்டையிலிருந்து பணம் பிடித்த தகவல்: சக்கர விளிம்புச் சேதத்திற்கு ஒரு தொகை, போக்குவரத்து அபராதத்திற்கான நிர்வாகக் கட்டணம் என்று இன்னொன்று.

இந்த இரண்டாவது கட்டணத்தைப் பலர் அபராதம் என்றே நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். ஓட்டுநரின் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவித்ததற்காக நிறுவனம் வாங்கும் கூலிதான் அது. உண்மையான அபராதம் தனியே வரும். வெளிநாட்டில் வசிப்போருக்கு அந்த அறிவிப்பை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. ஆகவே எந்த ஊர், எந்தக் கேமரா, எத்தனை மணி என்று நிறுவனத்திடம் கேட்டு, காவல்துறைக் கடிதத்தின் நகலைக் கோரினோம். ஒருமுறைகூட அனுப்பவில்லை.

தேதியும் நேரமும் பதிவான படங்களுடன் வங்கியில் முறையிட்ட பிறகே சக்கரத்திற்கான தொகை திரும்பக் கிடைத்தது. நிர்வாகக் கட்டணத்திற்கான முறையீடு இன்னும் நிலுவையில் உள்ளது. இருக்கும் கீறலைக் குறிக்க மறுத்துவிட்டு, அதே கீறலுக்குப் பணம் பறித்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. கீறல் படிவத்தில் ஏறி, ஊழியர் கையொப்பமிடும் வரை அந்த இடத்தை விட்டு வண்டியை நகர்த்தாதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் கையொப்பமிட்ட ரசீதைப் பெறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.