டிசர்ட் சைஸ் கேட்டார்கள், பிரஷர் இருக்கா என்று கேட்கவில்லை

செப்டம்பர் 29, உலக இதய நாள், நெருங்கினாலே வாட்ஸ்அப் குழுக்களில் மெய்நிகர் மாரத்தான் விளம்பரங்கள் வரிசை கட்டும். போன வருடம் நானும் 599 ரூபாய் கட்டி ஒன்றில் சேர்ந்தேன். பேர்தான் மாரத்தான், 42.195 கிலோமீட்டர் எல்லாம் யாரும் கேட்கவில்லை. 3, 5, 10, 21 என்று இருந்ததில் நான் பத்தை எடுத்தேன். பத்து நாளுக்குள் எங்கே வேண்டுமானாலும் ஓடி, செயலியில் பதிவான தூரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றினால் டிசர்ட்டும் மெடலும் வீடு தேடி வரும்.

எனக்கு 48 வயது, பிரஷர் மாத்திரை போடுகிற ஆள். விண்ணப்பத்தில் டிசர்ட் சைஸை இரண்டு இடத்தில் கேட்டவர்கள் சர்க்கரை, பிரஷர், நடந்தால் நெஞ்சு வலிக்குமா, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா, இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. இதயத்தின் பேரில் காசு வாங்குகிறவர்கள் செய்கிற வேலையா இது? நானாகத்தான் டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "பேசிக்கிட்டே ஓட முடியுற வேகம் போதுங்க, பேச்சு திணறுச்சுன்னா நடங்க, நெஞ்சு இறுக்கினாலோ கை, தாடைக்கு வலி பரவினாலோ நின்னுருங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்றார். இந்த நாலு வரியை அந்த விண்ணப்பத்தில் போட எவ்வளவு செலவாகும்?

ஆனால் காசு கட்டிவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காக ஆறு வாரம் விடாமல் எழுந்தேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு அதில் பாதிகூட அதற்கு முன்னால் இருந்ததில்லை. கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், முதல் வாரம் அந்த ஒரு சுற்றையே நடையும் ஓட்டமுமாகத்தான் முடித்தேன்.

நாலு சுற்று ஓடினால் பத்து என்று கணக்குப் போட்டதுதான் தப்பாகப் போனது. அன்றைக்கு முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தால் செயலி 9.86 என்கிறது. மரநிழலில் ஜிபிஎஸ் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், ஆனால் அவர்கள் சிஸ்டத்துக்கு அதெல்லாம் தெரியாது, உடனே நிராகரித்துவிட்டது. உதவி எண்ணில் பதில் சொன்னது மனிதன் இல்லை, மூன்று தடவையும் அதே வாழ்த்துச் செய்தி. அப்புறம் என்ன, நாலு நாள் கழித்து மறுபடி ஓடினேன், கடைசியில் அரை கிலோமீட்டர் சேர்த்தே ஓடினேன்.

இவ்வளவு கறாரான அதே சிஸ்டம், தரவரிசையில் பத்து கிலோமீட்டரை 22 நிமிடத்தில் முடித்த ஒருவரை முதலிடத்தில் வைத்திருந்தது. உலகச் சாதனையே 26 நிமிடத்துக்கு மேல்! ஸ்கூட்டரில் போயிருப்பார் போல.

மெடல் பரவாயில்லை, கனமாக இருக்கிறது. டிசர்ட் ஒரு சைஸ் சின்னது, இரண்டு தடவை கேட்டும். மகன் போட்டுக்கொள்கிறான்.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அதிலும் இரண்டு அந்த ஆறு வாரத்துக்கு. சேருவதென்றால் மெடல் இல்லாத 199 ரூபாய் பிரிவு போதும், மிச்சப் பணத்தை ஈசிஜிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ்கோர்ஸில் ஓடுகிறவர்கள் மட்டும் நாலு சுற்று முடிந்ததும் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் போனை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.