வீடு தீவிலா, பத்து காவானிலா?

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972 முதலே வேலைக்குக் குறைவில்லை. வீடுதான் சிக்கல். பக்கத்தில் ரெலாவிலோ சுங்கை ஆராவிலோ பழைய அடுக்குமாடி வீடு பார்க்கலாம். என் அக்கா மகன் அப்படித்தான் இருக்கிறான். மூன்று அறை, ஐந்து பேர். தாழ்வாரத்தில் துணி காயப்போட்டால் அது எதிர்வீட்டு அம்மாவின் துளசிச் சட்டிவரை எட்டும். ஆனால் ஷிப்ட் முடிந்த கால் மணி நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டப்புறம். 2014-ல் அதைத் தீவோடு இணைக்கும் இரண்டாவது பாலம் திறந்த பிறகு தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகின. 2019-ல் ஐக்கியா (IKEA) தளவாடக் கடையும் வந்தது. அதே பணத்துக்கு அங்கே பெரிய, புதிய வீடு கிடைக்கும்.

ஆனால் வேலை தீவில் என்றால் பாலத்தை மறக்காதீர்கள். நீளம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கடலுக்கு மேல். காருக்குத் தீவுப் பக்கம் போகும்போது டோல் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை, சரி. மழையில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும்போது, இரவு ஷிப்ட் பார்த்த கண்ணோடு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவது சாதாரண விஷயமில்லை.

வேலையும் பத்து காவானிலேயே என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே வாங்குங்கள். தீவில் வேலை என்றால் சிறிய வீட்டையே நான் சொல்வேன். அப்புறம், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பாலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.